அத்தை என்று கூப்பிட்ட சனிக்கிழமைகள்

அக்கா, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் காட்டுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இறந்துபோனவர்களுக்கு எழுதலாமா, கூடாதா என்பதும் தெரியாது. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன். முக்கியமாக உங்கள் அம்மாவுக்குக் காட்டாதீர்கள். இந்த ஹோமில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் இதுவரை எதை எழுதினாலும் எனக்குப் பயம் இருந்ததில்லை. விடிந்தால் உங்கள் அம்மா வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

சாயங்காலம் சுகுணா ஆன்ட்டி என்னை மாடி அறையைச் சுத்தம் செய்யச் சொன்னார். அவர் மாறவே இல்லை. இடுப்பில் அதே சாவிக்கொத்து, தோளில் அதே துண்டு, எங்களில் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் வேறு இரண்டு பேர் பெயர் வாயில் வந்துவிட்டுப் பிறகுதான் எங்கள் பெயர் வரும். வெளிநாட்டுக் குழுக்கள் வந்தால் பெண்கள் தங்கும் அறை அது, நீங்கள் இரண்டு முறையும் தங்கிய அறை. கட்டிலை இழுத்துப் பெருக்கியபோது சுவரோரமாக ஏதோ உருண்டது. உங்கள் பச்சைத் தைலப் புட்டி. உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை. மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான் அக்கா, நீங்கள் வந்து பக்கத்தில் நின்றுவிட்டீர்கள்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பக்கத்துப் பாயில் படுக்கும் ரேணுகா எட்டிப் பார்த்தாள்.

"கைக்கு ரோரி?" ஏன் அழுகிறாய் என்று கேட்டாள்.

"தூசி" என்றேன்.

"தூசிக்கே இவ்வளவு அழுதா, நாளைக்குச் சாட்சி சொல்றப்போ கண்ணுல தண்ணி மிச்சம் இருக்குமா?" என்றாள். அவள் பேசும் பாதித் தெலுங்கையும் பாதி ஹிந்தியையும் அப்படியே எழுதினால் உங்களுக்குப் புரியாது. அதனால் தமிழில் எழுதுகிறேன்.

எல்லோரும் தூங்கிய பிறகு திரும்பவும் இங்கேதான் வந்திருக்கிறேன். கதவை உள்ளே தாழ்போட்டிருக்கிறேன். என் பாயில் தலையணையை நீளமாகப் படுக்க வைத்துப் போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்தேன். ரேணுகா அதன்மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். கண்டுபிடித்தால் ஆன்ட்டி அடிக்கமாட்டார். ஏன் வந்தாய் என்று கேட்பார். அதற்குத்தான் பயமாக இருக்கிறது.

நீங்கள் முதல் முறை வந்தபோது எங்களுக்கு உங்களைப் பிடிக்கவில்லை. இதை உங்களிடம் சொன்னதே இல்லை. குழு என்றால் வெள்ளைக்காரர்கள் வருவார்கள், சாக்லேட் வரும், கிடார் வரும் என்று நினைத்திருந்தோம். மஞ்சள் டீஷர்ட் போட்டுக்கொண்டு நீங்கள் ஆறு பேர் வண்டியிலிருந்து இறங்கினீர்கள். "இவங்க மல்லாபூர் பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறவங்க மாதிரியே இருக்காங்களே" என்று ரேணுகா சத்தமாகவே சொன்னாள். மலேசியா என்றார்கள். அந்தக் கூட்டத்திலேயே உதவாக்கரை நீங்கள்தான். சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்து எங்கள் கரும்பலகைக்கும் சேர்த்து அடித்துவிட்டீர்கள். பல்லியைக் கண்டு கத்தினீர்கள். பொம்மலாட்டம் காட்டும்போது சிங்கத்தின் தலை கழன்று எங்கள் நடுவில் வந்து விழுந்தது. "ஐயோயோ, என்னா லா இது!" என்றீர்கள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது தமிழ். ஐந்தாவது வரை ஆம்பூர்ப் பக்கம் தமிழில் படித்துவிட்டு இங்கே வந்தவள் நான். ஹோமில் நான் கனவில் பேசினால்தான் தமிழ். "அக்கா, நீங்க தமிழா?" என்று கேட்டேன். சிங்கத்தின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தீர்கள். பிறகு முதல் கேள்வியாக, "பசியாறியாச்சா?" என்றீர்கள். அப்படியென்றால் காலைச் சாப்பாடு சாப்பிட்டாயா என்று உங்கள் ஊரில் அர்த்தமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு ஹோம் முழுவதும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. தெலுங்குப் பிள்ளைகள்கூட ராத்திரி படுக்கும்போது ஒருவரையொருவர் "பசியாறியாச்சா" என்று கேட்டுக்கொண்டு சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொசு கடித்தால் தைலம், தலை வலித்தால் தைலம், அம்மா ஞாபகம் வந்து அழுதாலும் தைலம். உங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

வாளியில் மொண்டு குளிக்க உங்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "முழுசும் ஒரே தடவையில ஊத்திக்காதீங்க அக்கா, சோப்பு போட்ட பிறகு என்ன பண்ணுவீங்க?" என்று கதவுக்கு வெளியே நின்று கத்தினேன். "முடிஞ்சிருச்சு லா, தண்ணி கொண்டா!" என்று உள்ளிருந்து கத்தினீர்கள்.

இனி எழுதப்போவதுதான் காட்டக்கூடாதது.

நான் இங்கே வந்த நாளைப் பற்றி உங்களிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். அப்பா காமாலையில் போன பிறகு அம்மா ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். ராத்திரி ஷிஃப்ட் வந்தால் என்னை அறையில் தனியாக விட்டுப் பூட்டிவிட்டுப் போவாள். ஒரு ராத்திரி யாரோ அந்தப் பூட்டை ஆட்டிப் பார்த்தார்கள். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கூட வேலை செய்கிறவள் சொன்ன இந்த இடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் இங்கே இடம், வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று சுகுணா ஆன்ட்டி சொன்னார். அம்மா கேட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தெரிந்த தெலுங்கில் மூச்சு விடாமல் ஒரே வீச்சில் சொன்னாள்: "நான் இவளுக்கு அத்தைங்க. அப்பனும் இல்ல, அம்மாளும் இல்ல."

சொல்லும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வளையல் என் மணிக்கட்டில் அழுந்திய வலி இப்போதும் தெரிகிறது.

அன்றிலிருந்து மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை என் அத்தை வருவாள். ஜீடிமெட்லாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கேட்டுக்கு வெளியே நின்று நெற்றியில் இருக்கும் சின்ன ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கைப்பேசியின் பின்பக்கம் ஒட்டிக்கொள்வாள். இது கிறிஸ்தவ ஹோம், இங்கே பொட்டு வைத்தால் ஏதாவது சொல்வார்களோ என்று பயம். யாரும் எதுவும் சொன்னதில்லை. ஆனாலும் எடுப்பாள். உள்ளே வந்ததும் நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "வாங்க அத்தை" என்பேன். தெலுங்கிலும் அத்தை அத்தைதான், அம்மா அம்மாதான். அந்த இரண்டு சொல்லில் மட்டும் நாக்கு பிசகக் கூடாது. மற்றதெல்லாம் தமிழில் எப்படி வேண்டுமானாலும் பேசலாம். யாருக்கும் புரியாது. முற்றத்து வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது மாதிரிப் பேசுவோம்.

நீங்கள் வந்த வாரத்திலும் ஒரு சனிக்கிழமை வந்தது. நீங்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கலர் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். அம்மா என் காலை மடியில் போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கூச்சத்தில் உதறினேன். அம்மா சிரித்துக்கொண்டே, "வயித்துல கீறப்பவும் இப்டித்தான்டி, ராத்திரி பூரா ஒதைச்சிக்கினே இருப்ப. தூங்க உட்டியா என்னிய?" என்றாள்.

உங்கள் கத்தரி நின்றது.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதை நான் எப்படி மறந்தேன்? மஞ்சள் டீஷர்ட் போட்டவர்கள் எல்லாம் வெளிநாடு, வெளிநாட்டுக்குத் தமிழ் தெரியாது என்று மனசு பழகியிருந்தது போல. நீங்கள் திரும்பினீர்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்தீர்கள், என் முகத்தைப் பார்த்தீர்கள், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கும் கால் பெருவிரலைப் பார்த்தீர்கள். அம்மா நெயில் கட்டரை மூடிப் பையில் போட்டாள். "யம்மா, உனுக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டாள். நீங்கள் காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டீர்கள். மிச்ச நகங்களை வெட்டாமலே அம்மா கிளம்பினாள். கேட்டைத் தாண்டியதும் பொட்டை எடுத்து ஒட்டிக்கொள்ளவும் மறந்து நடந்தாள்.

அன்று ராத்திரி நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். தட்டு கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். "அம்மா கையால சமைச்சு சாப்பிட்டு எவ்ளோ நாள் ஆச்சு?" என்று மட்டும் கேட்டீர்கள். வெகு நாள் ஆகிறது என்றேன். நீங்கள் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவினீர்கள்.

மறுநாள் கடைசி நாள். கடைசி நாள் சாயங்காலம் சாட்சி. அது உங்களுக்குத்தான் புதிது, எங்களுக்குப் பழக்கம். குழு கிளம்புவதற்கு முன்னால் எங்களில் மூன்று பேர் எழுந்து நின்று எங்கள் கதையைச் சொல்லவேண்டும். ஆன்ட்டி முன்பே ஒத்திகை பார்ப்பார். "யாரும் இல்லை" என்கிற இடத்தில் நிறுத்தவேண்டும், தலையைக் குனியவேண்டும், பிறகுதான் "இப்போது நீங்கள் எல்லாரும் இருக்கிறீர்கள்" என்று நிமிரவேண்டும். அந்த இடத்தில் வந்தவர்கள் அழுவார்கள். ரேணுகா இதில் ராணி. அவள் சொன்னால் ஆண்கள்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு யாருக்கு எத்தனை பேர் அழுதார்கள் என்று போட்டி போட்டுச் சிரிப்போம். அது சிரிக்கிற விஷயமா என்று நாங்கள் யோசித்ததில்லை.

அந்த முறை நான் தமிழிலேயே சொல்லி, அதை நீங்கள் இங்கிலீஷில் சொன்னால் நன்றாக இருக்கும் என்று உங்கள் குழுத் தலைவர் ஆசைப்பட்டார். நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றீர்கள். நான் சொன்னேன்: "என் பேர் பூங்கொடி. எனக்கு அப்பா இல்லை. அம்மா இல்லை. இந்த உலகத்தில் எனக்கு யாரும் இல்லை." தலையைக் குனிந்தேன்.

மைக்கில் உங்கள் மூச்சு மட்டும் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் அதற்குள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

பிறகு இங்கிலீஷில் ஆரம்பித்தீர்கள். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும் அக்கா. இவள் பெயர் பூங்கொடி, பூக்கிற கொடி என்று அர்த்தம் என்றீர்கள். கணக்கில் கெட்டிக்காரி என்றீர்கள். பாகற்காயைத் தட்டுக்கு அடியில் ஒளித்துவைப்பாள், தூக்கத்தில் பக்கத்தில் இருப்பவர் மேல் காலைப் போடுவாள், வாளித் தண்ணீரில் குளிக்கக்கூடத் தெரியாத என்னைக் கேலி பண்ணினாள் என்றீர்கள். கைக்குட்டையை எடுத்தவர் சிரித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலை குனிந்தபடி நின்றேன். நிமிர வேண்டிய இடம் வரவே இல்லை.

"ஒருத்தர்கூட அழல. ஃபெயில்" என்றாள் ரேணுகா அன்று ராத்திரி. சுகுணா ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாதே தவிர இங்கிலீஷ் தெரியும். நான் எதைச் சொல்லியிருப்பேன் என்பதும் தெரியும். "ஆ அம்மாயிகி அசலு தமிழ் ராதா?" என்று என்னைக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே தமிழ் தெரியாதா என்று. தெரியாது போல ஆன்ட்டி என்றேன். அவர் என்னை வெகு நேரம் பார்த்தார். அவருக்கும் எல்லாம் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு முதல் தடவை தோன்றியது. அவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எனக்கு டைஃபாய்டு வந்தபோது கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தவர் அவர். குழு வரவில்லையென்றால் எங்களுக்கு அரிசி எங்கிருந்து வரும் என்பது அவர் கவலை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதுதான் அவர் எனக்குச் செய்கிற உதவி.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கிளம்பும்போது உங்களைக் கேட்டேன். "அழுகைய மட்டும் எடுத்துச் சொன்னா, அது நீ இல்ல லா" என்றீர்கள்.

நீங்கள் போன மறுநாள் சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு குழு போன பிறகும் வரும். ஆன்ட்டி அதற்கு டீம் ஜுரம் என்று பெயர் வைத்திருக்கிறார். ஒரு வாரம் தூக்கிவைத்துக் கொஞ்சிவிட்டு வண்டியேறிப் போய்விடுகிறீர்கள், பிறகு அதுகள் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இதை அடுத்த வருஷம் நான் உங்களிடம் சொன்னபோது உங்கள் முகம் விழுந்துவிட்டது. "நாங்க வந்து வந்து போறதே தப்பு போல" என்றீர்கள். அந்த முறை எந்தக் குழந்தையிடமும் திரும்ப வருவேன் என்று சொல்லாமல் கிளம்பினீர்கள். என்னிடம்கூட "முடிஞ்சா" என்றுதான் சொன்னீர்கள்.

ஆனால் கிளம்புவதற்கு முன்னால் என்னை ஜீடிமெட்லாவுக்கு அழைத்துப் போனீர்களே. இவளுக்குப் பல் சொத்தை, நான் பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவள், நல்ல டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று ஆன்ட்டியிடம் சொன்னீர்கள். ஆன்ட்டி என் வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் சரி என்றார். பஸ்ஸில் "இந்தக் காடி எப்போ நிக்கும், எப்போ நிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். வண்டிக்கு உங்கள் ஊரில் காடி என்று பெயராம். மருந்து வாசனை மூக்கில் ஏற ஆரம்பித்ததும் இறங்கவேண்டும் என்று சொன்னேன்.

அம்மா மூன்று பெண்களோடு தங்கியிருக்கும் அறை அது. உங்களைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. நீங்கள் உட்கார்ந்த பாயையே உங்களை எழுப்பி மூன்று தரம் உதறிப் போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். நீங்கள் மூக்கில் தண்ணீர் வழிய வழிய இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள். எனக்கு அவள் ஊட்டினாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு யாராவது ஊட்டுவார்களா? அந்த அறையில் நான் "அம்மா, அம்மா" என்று எதற்கும் கூப்பிட்டேன். தண்ணீர் வேண்டும் அம்மா, அந்தக் குக்கர் எப்போது வாங்கினாய் அம்மா, இந்தப் புடவை புதுசா அம்மா. கூடத் தங்கியிருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அப்போது உங்கள் அம்மா கூப்பிட்டார்கள். "இங்க ஒரு அம்மா வீட்டுல சாப்புடுறேம்மா" என்றீர்கள். என் அம்மா கைப்பேசியை வாங்கி, "கவலப்படாதீங்க. உங்க பொண்ணு நல்லா சாப்புடுது. நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்தப் பக்கம் அவர்கள் சிரித்தது எனக்கும் கேட்டது. யாருடைய அம்மா என்று நீங்கள் சொல்லவில்லை. பிறகாவது சொன்னீர்களா அக்கா? வீட்டுக்குப் போன பிறகு? அதுதான் எனக்குத் தெரியவேண்டும். ராத்திரியெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் ஆன்ட்டி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மலேசியா அக்காவுக்கு டெங்கு வந்து இறந்துவிட்டார்களாம், எல்லோரும் கண்ணை மூடுங்கள் என்றார். நான் கண்ணை மூடினேன். உங்களை நினைக்கப் பார்த்தேன், சிங்கத்தின் தலைதான் வந்தது. சின்னவள் ஒருத்தி "தைலம் தடவலையா?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மாவிடம் வேப்பமரத்தடியில் சொன்னேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் என்றால் மாரில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். இங்கே அவள் எனக்கே அத்தைதான், உங்களுக்கு யார்? கை கழுவுகிற மாதிரிக் குழாயடிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர் வெகு நேரம் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்து, "பெத்தவ எப்டி தாங்குவாளோ" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "போன்ல பாத்துக்கறேன்னு சொன்னேனேடி" என்றாள்.

போன வாரம் ஆன்ட்டி என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. இந்தக் குழுவோடு உங்கள் அம்மாவும் வருகிறார்கள். நீங்கள் வீட்டில் எப்போதும் என்னைப் பற்றியே பேசுவீர்களாம். உங்கள் கைப்பேசி முழுக்க என் படமாம். மகள் கொஞ்சிய பிள்ளையை நான் என் மகளாக வைத்துக்கொள்கிறேன், படிக்கவைக்கிறேன், முடிந்தால் என்னோடு அழைத்துக்கொள்கிறேன் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். "நீகு அம்மா ஒஸ்துந்தி!" என்றார் ஆன்ட்டி. உனக்கு அம்மா வருகிறாள். அவர்களை அம்மா என்றுதான் கூப்பிடவேண்டும் என்றார். பிறகு சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே, இந்தச் சனிக்கிழமை அத்தையை வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்றார்.

அவருடைய கைப்பேசியிலேயே அம்மாவிடம் சொன்னேன். அவள் பின்னால் பேக்கிங் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நல்லவங்க வூட்டுப் பொண்ணு அது. அவங்க அம்மாளும் நல்லவங்களாத்தான் இருப்பாங்க. போ" என்றாள்.

"அப்ப நீ?"

"நான் இன்னா? அத்தையாவே இருந்துட்டுப் போறேன். இப்ப மட்டும் வேறன்னாவா கீறேன்?"

அதற்குள் ஆன்ட்டி கையை நீட்டினார். "சரிங்க அத்தை" என்று சொல்லிக் கைப்பேசியைக் கொடுத்தேன்.

அக்கா, உங்கள் அம்மாவை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. என்னை இங்கிருந்து அனுப்பிவிடுவார்களோ, பத்தாம் வகுப்பு முடிக்க முடியாதோ, பூட்டை யாராவது ஆட்டுகிற அறைக்கே திரும்பப் போகவேண்டுமோ என்ற பயம் ஒருபக்கம் இருக்கிறது. அது பழைய பயம். இது வேறு. அவர்கள் இவ்வளவு தூரம் வருவது உங்களில் மிச்சம் இருப்பதைத் தொட்டுப் பார்க்க. அது நான்தான் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு அம்மா இருக்கிறாள் என்று சொன்னால் அவர்கள் வெறுங்கையோடு அல்லவா திரும்பிப் போவார்கள்? சொல்லாவிட்டால், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்து அம்மா என்று நான் பொய்யாகக் கூப்பிடவேண்டும். அங்கே ஜீடிமெட்லாவில் ஒருத்தி பெற்ற பிள்ளையைப் பொட்டு மாதிரி எடுத்துப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்தக் குழு ஹோட்டலில் தங்கிக்கொண்டு ஒரே நாள்தான் இங்கே வருகிறது, அதனால் நாளைக்குச் சாயங்காலமே சாட்சி. மூன்று பேரில் நான்தான் முதல். இந்த முறை என் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கப்போவதில்லை. நான் சொல்வது உங்கள் அம்மாவுக்கு நேராகவே புரியும். யாரும் இல்லை என்று சொன்னால் யாரும் இல்லை என்றே போய்ச் சேரும். நடுவில் நின்று அதை நிறுத்தி, பாகற்காயைப் பற்றிப் பேச நீங்கள் இல்லை.

அதனால் நானே பேசலாம் என்று நினைக்கிறேன். சாட்சிக்கு முன்னால், தனியாக, இந்த அறையிலேயே. ஆன்ட்டி ஒத்திகை பார்த்தது வேண்டாம். நீங்கள் என்னைச் சொன்னீர்களே, அந்த மாதிரி உங்களைச் சொல்லவேண்டும். உங்கள் பொண்ணு எங்கள் கரும்பலகைக்குப் பெயின்ட் அடிச்சாங்க. பல்லிக்குப் பயந்து கத்தினாங்க. ஒரே வாளியில தண்ணியத் தீத்துட்டு சோப்போட நின்னாங்க. ஜீடிமெட்லாவுல கத்தரிக்காய்க் குழம்பு ஊத்தி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாங்க. அன்னைக்குப் போன்ல உங்ககிட்ட பாத்துக்கறேன்னு சொன்னது எங்க அம்மா. எங்க அம்மா உங்க பொண்ணுக்காகக் குழாயத் திறந்துவிட்டு அழுதாங்க.

அவர்கள் சிரிப்பார்களா, எழுந்து போய்விடுவார்களா தெரியாது. அம்மா என்று நான் கூப்பிடமாட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் தெரியவில்லை. அத்தை என்று மட்டும் கூப்பிடவே மாட்டேன்.

புட்டியை மூடிவைத்திருக்கிறேன் அக்கா. திறந்து திறந்து பார்த்தால் வாசனை போய்விடும். ஆனால் அதை நான் வைத்துக்கொள்ளவா, உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிடவா என்று

கேட் திறக்கிற சத்தம். எட்டு மணிக்குத்தானே வருவதாகச் சொன்னார்கள், இன்னும் இருட்டாக இருக்கிறது. வண்டி. ஆன்ட்டி இங்கிலீஷில் பேசுகிறார். ஹோட்டலுக்குப் போகவில்லையா, முதலில் மகள் தங்கிய அறையைப் பார்க்கவேண்டுமா என்று கேட்கிறார். படியேறுகிறார்கள். இந்தக் கதவு உள்ளே தாழ்போட்டிருக்கிறது, அக்கா, நான் உள்ளே இருக்கிறேன்.

தட்டுகிறார்கள். ஆன்ட்டி இப்படி மெதுவாகத் தட்டமாட்டார்.

"உள்ள யாரும்மா? பயப்படாத லா. பசியாறியாச்சா?"

அக்கா, உங்கள் குரல்